பழுதும் பழியும்

ஒரு வீட்டில் பாத்திரம் கீழே விழும் ஓசை கேட்டால், அடுத்த அறையிலிருந்து முதலில் எழும் கேள்வி என்ன என்பதை நாம் அறிவோம். ‘எது விழுந்தது?’ என்பதன்று; ‘காலில் பட்டதா?’ என்பதுமன்று. ‘யார் போட்டது?’ என்பதே அது. அலுவலகத்தில் கோப்பு காணாமற்போனாலும், பள்ளியில் தேர்ச்சி விழுக்காடு குறைந்தாலும், பங்கில் திருவிழாக் கணக்கு ஒத்துவராவிட்டாலும் இதே ‘யார்?’ முந்திக்கொள்கிறது. ஆள் கிடைத்துவிட்டால் உள்ளம் அமைதியடைகிறது. விழுந்த பாத்திரம் எந்தப் பலகையிலிருந்து விழுந்தது, அப்பலகை ஏன் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க அதன்பின் எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. அடுத்த வாரமும் ஏதோ ஒன்று அங்கிருந்தே விழுகிறது.

தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பழுது என்பது பொருளுக்கு நேர்வது. பழி என்பது ஆளின்மேல் ஏற்றப்படுவது. ஒலியில் நெருங்கியிருக்கும் இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவை நாம் எத்தனை விரைவாகத் தாண்டிவிடுகிறோம்! அப்படித் தாண்டுவது நீதியா? எந்தப் பழுதில் பழி சொல்வது கடமை, எதில் அது அநியாயம்? இதனை ஆராய நூலகத்திற்குள் செல்லாமல், பஞ்சுத் தூசி பறக்கும் ஒரு கூடத்திற்குள் செல்லலாம் என எண்ணுகிறோம்.

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது முள்ளுக்குறிச்சி. மேலே சாமையும் மிளகும் பலாவும் அன்னாசியும். கீழே, நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில், மஞ்சளும் மரவள்ளியும். மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் இப்பகுதி இளைஞர்கள் கண்ணுக்கு முதலில் தெரியும் ஊர்களுள் ஒன்று திருப்பூர். முள்ளுக்குறிச்சியிலிருந்து ஓர் இளைஞன் அப்படிச் சென்று, ஒரு பனியன் கம்பெனியின் நிட்டிங் பிரிவில் இரவு ஷிஃப்டுக்கு நிற்பதாகக் கொள்வோம். அவனுக்குப் பெயர் வேண்டாம். அவன் நிற்கும் இடம்தான் நமக்கு முக்கியம்.

அவனுக்கு முன்னே சுழல்வது வட்டப் பின்னல் இயந்திரம். நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். பின்னலில் அப்படி இல்லை; ஒரு கண்ணிக்குள் மறு கண்ணி நுழைந்து, அதற்குள் அடுத்தது நுழைந்து, துணி முழுவதும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகிறது. பனியன் இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் இதனால்தான். ஒரு கண்ணி அறுந்தால் கீழ்நோக்கி ஓடுவதும் இதனால்தான். முப்பது அங்குல விட்டமும் இருபத்துநான்கு கேஜும் உள்ள ஒரு சிலிண்டரில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். ஒவ்வோர் ஊசியும் தனக்கென வெட்டப்பட்ட காடியில் ஏறி இறங்குகிறது. ஊசியின் நுனியில் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்கும் ஒரு சிறு நாக்கு. சுற்றிலும் 90 ஃபீடர்கள் நூலை ஊட்டினால், நிமிடத்திற்கு இருபத்தைந்து சுற்று என்ற வேகத்தில், ஓர் ஊசி மட்டும் நிமிடத்தில் 2,250 கண்ணிகளைப் போடுகிறது. எல்லா ஊசிகளையும் சேர்த்துப் பெருக்கினால் ஐம்பது லட்சத்தைத் தாண்டும். நாம் ‘மங்கள வார்த்தை செபம்’ இரண்டு மூன்று முறை சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது லட்சம்! இவற்றுள் ஒரே ஒரு நாக்கு வளைந்துபோனாலும் துணியில் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது. துணியில் கோடு நெடுக்காக, மேலிருந்து கீழாக, ஒரே நேராக ஓடினால் பழுது ஊசியில் அல்லது ஊசி நிற்கும் காடியில் இருக்கிறது. ஏனெனில் ஒரு ஊசி போடும் கண்ணிகள் அனைத்தும் ஒரே நெடுவரியில்தான் அமையும். கோடு குறுக்காகப் படுத்திருந்தால் பழுது நூலில் அல்லது நூலை ஊட்டும் ஃபீடரில். குறுக்குக் கோடு தொண்ணூறு வரிக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை, தவறாமல் திரும்பி வந்தால், தொண்ணூறு ஃபீடர்களில் ஏதோ ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது. ஒழுங்கின்றி இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால் நூலையே ஐயுற வேண்டும். ஓட்டை விழுந்தால் முடிச்சைப் பார், நூலின் இழுவிசையைப் பார், பஞ்சுத் தூசி அடைத்திருக்கிறதா பார். எண்ணெய்க் கறை வந்தால், எண்ணெய் போட்டவரைத் திட்டுவதற்கு முன் எங்கே கசிகிறது என்று பார்.

அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர் கோட்டைக் கண்டவுடன் ஆளைத் தேடுவதில்லை. துணியைத் தூக்கி விளக்கடியில் பிடிக்கிறார். விரலால் வரிகளை எண்ணுகிறார். பிறகு இப்படித்தான் சொல்வார்: “தம்பி, அந்தக் கோனை எடுத்துப் பக்கத்து ஃபீடர்ல போடு. கோடு கோன்கூடப் போகுதா, இல்ல அங்கேயே நிக்குதான்னு பாரு. வேற எதையும் தொடாத.” கோடு கோனுடன் இடம் மாறினால் பழுது நூலில். அதே இடத்தில் நின்றால் ஃபீடரில். ஊசிக்கும் இதே சோதனைதான். ஐயத்திற்குரிய ஊசியைக் கழற்றி வேறு காடியில் பொருத்துகிறார்கள். கோடு ஊசியோடு போனால் ஊசி கெட்டது, பழைய இடத்திலேயே நின்றால் காடி கெட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. பொறுமையிழந்து ஊசியையும் நூலையும் எண்ணெயையும் ஒருசேர மாற்றிவிட்டால் கோடு மறையலாம்; ஆனால் எது காரணம் என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். ஆகவே அது திரும்பி வரும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவனுக்குச் சொல்வதும் இந்த ஒழுங்கைத்தான். நோய் எது என்று துணிந்து, அது எதனால் வந்தது என்று அறிந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோயாளி யார் பேச்சைக் கேட்காமல் இப்படி ஆனான் என்று விசாரிக்கும் படி அவ்வரிசையில் இல்லை.

இந்தச் சோதனையை மனிதரிடத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பொறுப்பில் ஒருவரை அமர்த்துகிறோம், அவர் தவறுகிறார். அவரை நீக்கி வேறொருவரை அமர்த்துகிறோம்; அவரும் தவறுகிறார். மூன்றாமவரும் அப்படியே. ‘காலம் கெட்டுவிட்டது, நல்ல ஆட்களே கிடைப்பதில்லை’ என்று நாம் பெருமூச்செறிகிறோம். ஃபிட்டர் இதைக் கேட்டால் சிரிப்பார். மூன்று ஊசி மாற்றியும் கோடு அங்கேயே நிற்கிறதென்றால், நான்காவது ஊசியை எதற்குத் தேடுகிறீர்கள்? காடியைப் பாருங்கள். பங்குப் பேரவைகளிலும் பள்ளி நிர்வாகங்களிலும் இந்த எளிய உண்மை எட்டாமல் எத்தனை நல்ல ஊசிகள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொன்று இதைவிட வியப்புக்குரியது. பல மாதங்கள் ஓடித் தேய்ந்த ஊசிகள் நிறைந்த சிலிண்டரில் ஒன்று உடைந்துவிட்டது. அவ்விடத்தில் புத்தம்புதிய ஊசி ஒன்றைப் போடுகிறார்கள். அந்தப் புதிய ஊசியின் நெடுவரி துணியில் கோடாகத் தெரிவதுண்டு! மற்ற ஊசிகள் எல்லாம் ஒரே அளவில் தேய்ந்து ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்டன. புதியது மட்டும் சரியான அளவில் கண்ணி போடுகிறது. ஆகவே அதுவே பழுதாகத் தோன்றுகிறது. இதற்குத் தீர்வு, தேய்மானம் மிகுந்தால் ஊசித் தொகுதி முழுவதையும் ஒருசேர மாற்றுவது. செலவுக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போடுவோர், கோடு போடும் புதிய ஊசியை எடுத்துவிட்டுச் சற்றே தேய்ந்த பழைய ஊசி ஒன்றைத் தேடிப் போடுவதும் உண்டு. துணி அழகாக வருகிறது. இலஞ்சம் வாங்காத ஒருவர் இலஞ்சம் பழகிய அலுவலகத்தில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பழுது என்பது எப்போதும் ஒரு பொருளுக்குள் மட்டும் இருப்பதன்று; பொருளுக்கும் அதன் சுற்றத்துக்கும் இடையிலும் இருக்கக்கூடும். பெரும்பான்மையின் தேய்மானம் ஒழுங்கு என்று பெயர் பெற்றுவிடும் இடத்தில், கோடு எதுவென்று கண் மட்டும் தீர்ப்பிட முடியாது.

வேறு சில பழுதுகள் அப்போதைக்குத் தெரியாதவை. வெவ்வேறு லாட்டுகளைச் சேர்ந்த நூல்கள் கலந்துவிட்டால், பின்னி முடித்த வெண்துணியில் ஒன்றும் தெரியாமற் போகலாம். சாயம் ஏறியபின்தான் குறுக்குப் பட்டைகள் வெளிப்படும். அப்போது துணி எங்கே இருக்கிறது? சாயப்பட்டறையில். ஆகவே முதல் பழி சாயக்காரர் தலையில்தான். திருப்பூரில் நூல் ஒருவருடையது, பின்னுவது ஒருவர், சாயமிடுவது ஒருவர், வெட்டித் தைப்பது ஒருவர் என ஜாப் ஒர்க் முறையில் துணி கைமாறிக்கொண்டே போகிறது. இழப்பு வந்தால் கூலியில் ‘டெபிட்’ போடுகிறார்கள். பழுது எங்கே பிறந்தது என்று தேடுவது கடினம். எங்கே வெளிப்பட்டது என்று காட்டுவது எளிது. எளிதான இடத்திலேயே தொகை பிடிக்கப்படுகிறது.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டபோது சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் ஒரு ‘யார்?’தான் என்பதை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கப்பட்ட கேள்வியில் இயேசு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குனிந்து சேறுண்டாக்கி அவர் கண்களில் பூசினார்.

பின்னல் இயந்திரத்தின் வரலாற்றிலேயே ‘யார்?’ என்ற கேள்வி இரத்தம் சிந்த வைத்த காலம் ஒன்று உண்டு. 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டம் ஒன்றை உருவாக்கினார். அவர் திருப்பணியாளர் என்பது வழிவழிச் செய்தி. அரசி முதலாம் எலிசபெத் அவருக்குக் காப்புரிமை வழங்க மறுத்தார். லீ பிரான்சுக்குச் சென்றார். அவருக்குப்பின் அந்தச் சட்டம் அவருடைய நாட்டிலேயே வேரூன்றி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. 1811-இல் அதே நாட்டிங்காம்ஷயரில் தொழிலாளர்கள் இரவில் கூடிச் சட்டங்களை உடைக்கத் தொடங்கினர். ‘லுட்டைட்டுகள்’ என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. இயந்திரத்தைக் கண்டு மிரண்ட மூடர்கள் என்பதே நம் பாடநூல்கள் தரும் தோற்றம். அவர்களோ தலைமுறை தலைமுறையாக அந்தச் சட்டங்களில் உழைத்தவர்கள். அதன் ஒவ்வோர் ஊசியையும் அறிந்தவர்கள். அகலமான சட்டங்களில் துணியை மொத்தமாகப் பின்னி, காலுறை வடிவில் வெட்டித் தைத்து, விளிம்பு பிரிந்துபோகும் மலிவுச் சரக்கை விற்ற முதலாளிகள், தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தியவர்கள் — இத்தகையோரின் சட்டங்களையே அவர்கள் பெரும்பாலும் தேடி உடைத்தனர். நேர்மையான கூலி கொடுத்தவரின் சட்டங்கள் தப்பியதும் உண்டு. (இன்று நாம் உடுத்தும் பனியன் பெரும்பாலும் வெட்டித் தைத்ததே என்பது வரலாற்றின் குறும்பு.) அவர்கள் செய்த வன்முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கோடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவர்களே கேட்டார்கள். நாடாளுமன்றம் கேட்டது ‘யார் உடைத்தது?’ என்பதை மட்டுமே. 1812-இல் சட்டம் உடைப்பவருக்கு மரணதண்டனை என்று விதித்தது. அம்மசோதாவை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் தம் முதல் உரையை நிகழ்த்தியவர், அதே மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர் பைரன்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, பழி என்பதே கூடாது, எல்லாம் அமைப்பின் பழுதே என்று முடிவு கட்டிவிடலாமா? இன்றைய நாளில் இப்படிப் பேசுவது நாகரிகமாகவும் இருக்கிறது. ஆனால் இந்த முடிவில் ஓர் ஆபத்து பதுங்கியிருக்கிறது. அதைக் காண மீண்டும் இயந்திரத்திடம் வருவோம்.

நல்ல பின்னல் இயந்திரத்தில் ‘ஸ்டாப் மோஷன்’ என்றோர் அமைப்பு உண்டு. நூல் அறுந்தால் ஒரு சிறு கம்பி சாய்கிறது, விளக்கு எரிகிறது, இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. ஊசி கெட்டதை உணர்த்தவும் உணர்வி உண்டு. இயந்திரத்தின் உடலில் வலி என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். ஆனால் பஞ்சுத் தூசி படிந்தாலும், நூல் சற்றே தளர்ந்தாலும், அது அடிக்கடி நிறுத்திக்கொண்டே இருக்கும். கிலோக் கணக்கில் உற்பத்தி காட்ட வேண்டியவனுக்கு இது பெருந்தொல்லை. அந்தக் கம்பியை ஒரு நூல் துண்டால் கட்டிவைத்துவிட்டால் விளக்கு எரியாது, இயந்திரம் நிற்காது. ஒவ்வொரு ஷிஃப்டும் தன் தூசியைத் துடைத்து, எண்ணெயிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைத்தால் வீணான நிறுத்தங்களே இராது. அந்தப் பராமரிப்புக்கு ஒதுக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் வரவாகத் தெரிவதில்லை. ஓடாத நேரமாக மட்டுமே தெரிகிறது. ஆகவே கட்டுவது எளிதாகிறது.

வலியைப் பற்றி நம் காலத்தில் ஆழ்ந்து சிந்தித்த மருத்துவர் ஒருவர் இதே கொல்லிமலையில் வளர்ந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் இருவரும் பாப்டிஸ்டு மறைப்பணியாளர்கள். தந்தை 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மகன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார். தொழுநோயே விரல்களைத் தின்று அழிக்கிறது என்று அந்நாளில் நம்பினார்கள். பிராண்ட் ஃபிட்டரைப் போல ஒவ்வொரு காயமாகத் தேடிச் சென்றார். சூடான பாத்திரத்தைப் பிடித்தவர், கூரிய ஆணி குத்தியும் நடந்தவர், உறங்கும்போது எலி கடித்தும் விழிக்காதவர் — நோய் விரலைத் தின்னவில்லை, வலியை எடுத்துவிட்டது. வலி போனபின் அன்றாட வாழ்வே விரலை அழித்தது. வலி ஒரு கொடை என்று அவர் ஓயாமல் எழுதியதும் பேசியதும் இதனால்தான்.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது அவரும் உடன் உழைத்தவர்களும், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கையாக ஓர் எச்சரிக்கை அமைப்பை உருவாக்க முயன்றனர். அழுத்தம் மிகுந்தால் ஓசை எழும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். வேலை முடியவேண்டும் என்ற அவசரத்தில் அவர்கள் அந்த அமைப்பை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அணைத்துவிட முடிகிற வலி வலியாகப் பயன்படாது என்பதை உணர்ந்து, அம்முயற்சியைக் கைவிட்டார்கள். ஸ்டாப் மோஷனைக் கட்டிவைக்கும் கை எப்படிப்பட்ட கை என்பதை நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

2013 ஏப்ரல் 23. வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தோன்றின. பார்த்த பொறியாளர் உள்ளே எவரும் இருக்கலாகாது என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது, கடைகள் மூடப்பட்டன. மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரவழைக்கப்பட்டனர்; வராவிட்டால் சம்பளம் கிடையாது என்ற மிரட்டலும் இருந்தது. ஏப்ரல் 24 காலை ஒன்பது மணியளவில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கே பழுது தேடப்படாமல் போனதா? இல்லை. பழுது தானாகவே தன்னைக் காட்டிக்கொண்டது. விளக்கு எரிந்தது, மணி ஒலித்தது, வங்கியின் காதில் விழுந்தது. மணியைக் கேட்டபின்னும் ஓட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். இவ்விடத்தில் ‘அமைப்பின் பழுது’ என்று பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. பழுது எந்தக் கணத்தில் பழியாக மாறுகிறது என்ற நம் கேள்விக்கு இதில் ஒரு விடை கிடைப்பதாகவே எண்ணுகிறோம்: அறியாத பழுது எவர் பழியுமன்று, தெரிந்தும், நிறுத்தும் ஆற்றல் இருந்தும், நிறுத்தாமல் விட்டவரின் கணக்கில்தான் அது ஏறுகிறது.

தெரிதல், ஆற்றல் என்ற இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் மீண்டும் கடைசி மனிதன் தலையில்தான் பழி விழும். முள்ளுக்குறிச்சி இளைஞனுக்கு எல்லாம் தெரியும். கம்பியைக் கட்டியதே அவன் கைதான். காடிச் சோதனையை அவனிடம் செய்து பாருங்கள். அவனை எடுத்துவிட்டு வேறொருவனை அவ்விடத்தில் நிறுத்தினால் அவனும் கட்டுவான். ஏனெனில் கூலி கிலோவில் இருக்கிறது. ஆகவே காடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் காடியைக் காட்டித் தப்புவதற்கு எல்லாருக்குமே வழி உண்டல்லவா? நொய்யல் ஆற்றின் கதையை நினைத்துப் பாருங்கள். சாயக்கழிவு பல ஆண்டுகளாக அதில் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அந்நீர் எங்கள் நிலத்திற்கு வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. பட்டறைக்காரர் ஏற்றுமதியாளரின் விலையைக் காட்டினார். ஏற்றுமதியாளர் அயல்நாட்டு வாங்குபவரின் கெடுவைக் காட்டினார். வாங்குபவர் மலிவு தேடும் மக்களைக் காட்டினார். ஒவ்வொருவரும் ஊசி, ஒவ்வொருவருக்கும் ஒரு காடி. எவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் வேதனை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கு இல்லாத ஸ்டாப் மோஷனை நீதிமன்றம் செய்ய வேண்டியதாயிற்று. அன்று பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றி ஊர் திரும்பினார்கள். காடியை மாற்றும் ஆற்றல் சிறிதும் இல்லாதவர்கள்தாம் முதலில் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

ஆகையால் காடியைக் காட்டும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே செல்லச் செல்ல, ஒருவர் நிற்கும் காடியைச் செதுக்கும் உளி அவர் கையிலேயே இருக்கிறது. கூலியைக் கிலோவில் வைப்பதா நாளில் வைப்பதா என்று முடிவு செய்பவர், ‘என்ன செய்வது, கூலி கிலோவில் இருக்கிறதே’ என்று சொல்ல முடியாது. தன் குற்றத்தை முதலில் களைந்து அதன்பின் பிறர் குற்றத்தைப் பார்க்கச் சொல்லும் ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்தை வள்ளுவர் அரசியலில், அரசனுக்கென்று வைத்திருப்பது தற்செயலாக இருக்காது.

இதில் ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் பழகிய நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆன்ம சோதனை செய்யும்போது நாம் ‘என் பாவமே’ என்று மார்பில் தட்டிக்கொள்ளப் பழகியவர்கள். அங்கே காடியைப் பற்றிப் பேச்சில்லை. அது சரியே. தன்னைத்தான் விசாரிக்கும்போது ஊசியைப் பார்ப்பதும், பிறரை விசாரிக்கும்போது காடியைப் பார்ப்பதும் முரண்பாடல்ல. தன் ஊசியைத் தானே நேராக்கிக்கொள்ள முடியும். பிறருடைய காடியை அவர்களால் மட்டும் நேராக்க முடியாது, பலர் கை கொடுக்க வேண்டும். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நாம் தாமதமாக வந்தால் பேருந்து காரணம். வேலைக்காரப் பெண் தாமதமாக வந்தால் சோம்பல் காரணம். இருவரும் வந்தது ஒரே பேருந்தாகவும் இருக்கலாம்.

ராணா பிளாசா சரிந்த மறுமாதம், 2013 மே மாதத்தில், வங்காளதேசத்தில் துணி வாங்கும் பல நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. அதில் கட்டட ஆய்வு, தீ பாதுகாப்பு ஆகியவற்றோடு, பாதுகாப்பற்றது என்று ஒரு தொழிலாளி நியாயமாக நம்பும் இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும், அதற்காகச் சம்பளம் இழக்காத உரிமையும் சேர்க்கப்பட்டன. நிறுத்தும் ஆற்றலை, தெரிந்திருக்கும் ஆளிடமே கொண்டுசென்று வைக்கும் முயற்சி அது. ஊசிக்குத் தன் காடியைப் பற்றிப் பேச வாய் கிடைத்தது என்றும் கொள்ளலாம்.

திருப்பூரில் அந்த இளைஞன் நிற்கும் இயந்திரத்திலும் நிறுத்தும் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், சிவப்பாகவே இருக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்குத் துணியில் ஒரு நெடுங்கோடு கண்ணில் படுகிறது. நிமிடத்திற்கு ஒரு மீட்டருக்குமேல் துணி இறங்கிக்கொண்டிருக்கிறது. தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் கோடு ஒரு மீட்டர் நீள்கிறது. பொத்தானை அழுத்தி, கதவைத் திறந்து, அந்த ஒற்றை ஊசியைத் தேடி மாற்ற, ஃபிட்டர் வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தால், அரை மணியாவது ஆகும். அரை மணி நின்றால் எட்டுக் கிலோ குறையும். காலையில் எடை எழுத வரும் சூப்பர்வைசர் நோட்டைத் திறக்கும்போது முதலில் கேட்கப்போவது, ‘கோடு எங்கே வந்தது?’ என்பதா, ‘யார்டா மிஷினை நிறுத்தியது?’ என்பதா? அவன் கை பொத்தானுக்குப் போவதும் போகாததும் பெரிதும் இதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் இரவு ஷிஃப்டில் இருப்பவரல்லர்.